கொமடோர் 64ல் டெர்மினல் புரோகிராம்: 2400 பாடில் எழுத்து சிதைகிறது, எக்ஸ்மோடம் 255வது பிளாக்கோடு நிற்கிறது

கோடம்பாக்கம்64 (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய வீட்டுக் கணினியான கொமடோர் 64 (பால் என்ற டிவி முறைக்கான வகை), ஒரு 1541 டிஸ்க் டிரைவ், யூசர் போர்ட்டில் செருகும் வைஃபை மோடம். இதை வைத்து 6502 அசெம்பிளியில் ஒரு டெர்மினல் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் உயிரோடு இருக்கும் பிபிஎஸ்களுக்குள் (மோடத்தில் டயல் செய்து நுழையும் பழைய செய்திப் பலகைகள்) போக வேண்டும், அங்கிருந்து கோப்பு இறக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ரெடிமேட் புரோகிராம்கள் இருப்பது தெரியும். நானே எழுதிப் பார்க்க வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன்.

மூன்று சிக்கல்.

முதலாவது: கெர்னலில் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை நிரல்) இருக்கும் ஆர்எஸ்-232 சீரியல் தொடர்பு ரூட்டீனையே பயன்படுத்துகிறேன். 300 பாடில் (நொடிக்கு 300 பிட்) பிரச்சினையே இல்லை, 1200ல் பெரும்பாலும் ஓடுகிறது. 2400ல் எழுத்து சிதைகிறது. எதிர்முனையிலிருந்து எழுத்து வந்துகொண்டிருக்கும்போது நான் ஒரு விசையைத் தட்டினால் நிச்சயம் சிதையும்.

இரண்டாவது: எக்ஸ்மோடம், அதாவது கோப்பைச் சின்னச் சின்ன பிளாக்காக அனுப்பும் முறை. பெரிய டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை இறக்கினால் 255 பிளாக் அழகாக வருகிறது. அடுத்த பிளாக் செக்சம் (பிழை பிடிக்கும் கூட்டுத்தொகை) பொருந்தாமல் திரும்பத் திரும்ப நாக் (‘பிழை, மறுபடி அனுப்பு’ என்ற பதில்) போய், கடைசியில் எதிர்முனை கைவிட்டுவிடுகிறது. எந்த டெக்ஸ்ட் கோப்பாக இருந்தாலும் இதே இடம். புரோகிராம் கோப்புகள் என்றால் ஆரம்பத்திலேயே, இரண்டாவது மூன்றாவது பிளாக்கில் நிற்கின்றன.

மூன்றாவது சின்னது: பிபிஎஸ் திரையில் மேற்கோள் குறி வந்தால் அதற்குப் பிறகு அந்த வரியில் நிறம் மாறுவதில்லை, ஏதோ தலைகீழ் வண்ணக் குறிகள் அச்சாகின்றன.

---

மின்னணு_மாமா

தம்பி, மூன்றாவதை முதலில் முடித்துவிடுவோம். அது கோட் மோட். கெர்னலின் அச்சிடும் ரூட்டீன் மேற்கோள் குறியின் எண்ணான 34ஐப் பார்த்ததும் ‘பேசிக்கில் யாரோ சரம் எழுதுகிறார்கள்’ என்று எடுத்துக்கொள்ளும். அதன்பின் வரும் கட்டுப்பாட்டு எழுத்துகளை நிறைவேற்றாமல் குறியாக அச்சிடும். ஒவ்வொரு எழுத்தையும் அச்சிட்டவுடன் 212ஆம் முகவரியில் பூஜ்யம் போடுங்கள். தீர்ந்தது.

இனி 2400. கொமடோர் 64ல் யுஆர்ட் சிப் கிடையாது. ஆப்பிள் 2க்கு வந்த சூப்பர் சீரியல் கார்டில் 6551 இருந்தது, பிபிசி மைக்ரோவில் 6850 இருந்தது. பிட்டுகளைச் சேர்த்து பைட்டாக்கும் வேலையை அந்த சிப் பார்த்துக்கொள்ளும், சிபியு முழு பைட்டை எடுத்துக்கொண்டால் போதும். உங்கள் மெஷினில் ஒவ்வொரு பிட்டையும் சிபியுவே எண்ணியாக வேண்டும். ஸ்டார்ட் பிட் வந்ததும் உள்ளீடு-வெளியீட்டைப் பார்க்கும் இரண்டாவது சிஐஏ சிப் என்எம்ஐ (சிபியு தள்ளிப்போட முடியாத குறுக்கீடு) எழுப்பும். அதிலிருந்து டைமர் பிட்டுக்கு ஒருமுறை என்எம்ஐ எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் உள்ளே போய், கம்பியில் இருப்பது 0வா 1ஆ என்று பார்த்து, நகர்த்தி, சேமித்து, வெளியே வர வேண்டும்.

கணக்குப் போடுங்கள். பால் மெஷின் நொடிக்கு சுமார் 9,85,000 சைக்கிள். 300 பாடில் ஒரு பிட்டுக்கு 3,284 சைக்கிள் கிடைக்கிறது, தாராளம். 1200ல் 821. 2400ல் வெறும் 410. கெர்னலின் என்எம்ஐ ரூட்டீன் ஒருமுறை ஓட நூறு சைக்கிளுக்கு மேல் தின்னும். நீங்கள் விசை தட்டினால் அனுப்பும் பக்கத்துக்கு இன்னொரு டைமர், இன்னொரு என்எம்ஐ. இரண்டும் ஒரே சமயத்தில் மோதினால் ஒன்று காத்திருக்கும். காத்திருந்த நேரத்தில் பிட்டின் நடுப்பகுதி கடந்து போயிருக்கும். போதாததற்கு விக் சிப் திரையில் எழுத்து வரைய எட்டு வரிக்கு ஒருமுறை சிபியுவை நாற்பது சைக்கிளுக்கு மேல் நிறுத்தி வைக்கும்.

ஆக உங்கள் நிரலில் தப்பில்லை. கெர்னலின் பாட் அட்டவணையில் 2400 எழுதியிருக்கிறது என்பதற்காக அது ஓடும் என்று அர்த்தமில்லை.

---

ஸ்காபரோ_வாசி

மாமா சொன்னது முழுக்கச் சரி. 2400 பிரச்சினைக்கு விடை 1989லேயே வந்துவிட்டது, தம்பி. இஞ்ச கனடாவில வெளிவந்த டிரான்சாக்டர் எண்ட சஞ்சிகையில ஜோர்ஜ் ஹக் எண்டவர் கெர்னலின்ர ஆர்எஸ்-232 பகுதியைத் தூக்கிப்போட்டு, என்எம்ஐ ரூட்டீனைப் புதுசாக எழுதி வெளியிட்டவர். அனுப்புறதும் வாங்குறதும் ஒரே நேரத்தில 2400ல நடக்கும். பிறகு வந்த கன டெர்மினல் புரோகிராம்கள் அதைத்தான் உள்ளுக்குள்ள வச்சிருந்தது. அதைத் தேடி எடுத்து வரி வரியாக வாசியுங்கோ. எப்பிடிச் சைக்கிளை மிச்சம் பிடிக்கிறது எண்டு அதில படிக்கலாம்.

நான் ரொறன்ரோவுக்கு வந்த புதுசில ஒரு பழைய கொமடோர் 64ஐயும் 1670 மோடத்தையும் ஆரோ விற்க வாங்கினனான். 1670 வந்து 1200 பாட், ஹேய்ஸ் கட்டளையெல்லாம் (டயல் பண்ணு, துண்டி எண்டு மோடத்துக்குச் சொல்லுறது) விளங்கும். அதுக்கு முதல் வந்த விக்மோடம் அப்பிடி இல்லை. ரெலிபோன்ல நீங்களே நம்பரைச் சுத்தி, மற்றப் பக்கம் ‘கீ’ எண்டு சத்தம் கேட்டதும் ரிசீவரின்ர வயரைக் கழட்டி மோடத்தில செருக வேணும். ஆனா நூறு டொலருக்குள்ள மோடம் எண்டு முதல் முதலாக வந்தது அதுதான். சாதாரண வீட்டுச் சனம் ஒன்லைன் போனதுக்கு அதுதான் வழி திறந்தது.

எங்கட வீட்டில ஒரே ஒரு லைன். கோல் வெயிட்டிங் இருந்தால் ஆராவது எடுக்கிற நேரம் வாற சத்தத்தில தொடர்பு அறுந்துபோகும். அதை நிப்பாட்ட நம்பருக்கு முன்னால நட்சத்திரம் 70, ஒரு கமா. கமா வந்து மோடத்துக்கு ‘கொஞ்சம் பொறு’ எண்டு அர்த்தம். டெர்மினல் புரோகிராம் எழுதிற ஆக்கள் டயல் பட்டியல்ல நம்பருக்கு முன்னால போடுறதுக்கு எண்டு தனியா ஒரு இடம் வைச்சதுக்குக் காரணம் இதுதான்.

---

இசட்80ரசிகன்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். ஏன் இவ்வளவு கஷ்டம்? 6551 சிப் வைத்த ஸ்விஃப்ட்லிங்க் வகை கார்ட்ரிட்ஜ் ஒன்று போட்டால் 38,400 வரை போகலாம். எக்ஸ்மோடத்தை விட்டுவிட்டு 1986ல் வந்த இசட்மோடமுக்கு மாறுங்கள். எக்ஸ்மோடம் 128 பைட் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகச் சும்மா நிற்கிறது. அப்புறம் அடுத்த 128. நேரத்தில் பாதி காத்திருப்பிலேயே போகிறது. அதன் செக்சம் ஒரே ஒரு பைட், எல்லாவற்றையும் கூட்டி 256ஆல் வகுத்த மீதி. இரண்டு பைட் இடம் மாறி வந்தால்கூட அதற்குத் தெரியாது. வடிவமைப்பு என்ற வகையில் அது ரொம்பவே பலவீனம்.

---

ரேகா_அசெம்பிளி

இசட்80ரசிகன், செக்சம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் பிறகு சிஆர்சி (இன்னும் கறாரான பிழைச் சோதனை) வகை வந்தது. வாங்கும் பக்கம் நாக்குக்குப் பதிலாக ‘சி’ என்ற எழுத்தை அனுப்பித் தொடங்கினால் அனுப்பும் பக்கம் இரண்டு பைட் சிஆர்சி சேர்க்கும். பழைய புரோகிராமாக இருந்தால் ‘சி’யைக் கண்டுகொள்ளாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாக் அனுப்பினால் பழைய முறையில் தொடங்கிவிடும். இரண்டு தலைமுறையும் ஒன்றோடொன்று பேச ஒரே ஒரு எழுத்து போதுமாக இருந்தது.

ஆனால் ‘சும்மா நிற்கிறது’ என்பதை நான் ஏற்கவில்லை. அந்த நிற்றல்தான் இந்த மெஷின்களைக் காப்பாற்றியது.

கோடம்பாக்கம் வைத்திருக்கும் மெஷினையே எடுத்துக்கொள்வோம். 1541 டிரைவோடு பேசும் சீரியல் பஸ்ஸையும் சிபியுவே பிட் பிட்டாகத்தான் ஓட்டுகிறது. நடுவில் என்எம்ஐ குறுக்கிட்டால் டிஸ்க்குக்குப் போகும் பிட்டின் நேரம் கெடும். அதனால் கெர்னலே டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் ஆர்எஸ்-232 வேலை முடியும்வரை காத்திருந்து அதை நிறுத்திவிடும். அதாவது டிஸ்க்கில் எழுதும் நேரத்தில் மோடத்திலிருந்து வரும் எதுவும் கைக்கு வராது.

கொமடோர் மட்டும் இல்லை. அட்டாரி 800ல் மோடத்தை இணைக்கும் 850 இன்டர்ஃபேஸும் டிஸ்க் டிரைவும் ஒரே எஸ்ஐஓ பஸ்ஸில் தொங்குகின்றன. மோடத்திலிருந்து வாங்க ‘கன்கரன்ட்’ நிலைக்குப் போனால் டிஸ்க் கிடைக்காது, டிஸ்க் வேண்டுமென்றால் அந்த நிலையை விட்டு வெளியே வர வேண்டும். ஆப்பிள் 2ல் சீரியல் கார்டில் யுஆர்ட் இருந்தாலும் டிஸ்க் படிக்கும்போதும் எழுதும்போதும் டாஸ் (டிஸ்க்கை ஓட்டும் நிரல்) இன்டரப்டை அடைத்துவிடும். அந்த நேரமெல்லாம் சிபியு முழுக்க டிஸ்க்குக்கே சொந்தம்.

இப்படிப்பட்ட மெஷினில் இசட்மோடம் மாதிரி நிற்காமல் கொட்டுகிற முறையை எப்படி ஓட்டுவது? கொட்டிக்கொண்டே இருக்கும்போது டிஸ்க்கில் எழுத முடியாது. முழுக் கோப்பையும் நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மொத்தமே 64 கே. ஆர்டிஎஸ் கம்பியை இறக்கி மோடத்தை நிறுத்தலாம், ஆனால் 300 பாட் மோடம்களில் நிறுத்துவதற்கு பஃபரே (வந்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) கிடையாது. தொலைபேசிக் கம்பியில் வந்த பிட் அப்படியே உங்கள் மெஷினுக்கு வரும்.

எக்ஸ்மோடத்தில் பேச்சு முழுக்க வாங்கும் பக்கத்தின் கையில். முதல் நாக் அனுப்பித் தொடங்கி வைப்பதே அதுதான். 132 பைட் வந்து சேர்ந்ததும் கம்பி அமைதியாகிவிடும். நீங்கள் ஆக் (‘சரியாக வந்தது’ என்ற பதில்) அனுப்பும்வரை எதிர்முனை வாய் திறக்காது. அந்த அமைதிக்குள் என்எம்ஐயை நிறுத்தலாம், டிஸ்க்கைத் திறக்கலாம், 128 பைட்டை எழுதலாம், திரையில் பிளாக் எண்ணை மாற்றலாம். எல்லாம் முடிந்தபின் 6 என்ற ஒரே பைட்டை அனுப்பினால் அடுத்த பிளாக் வரும். 1541 நொடிக்கு முந்நூறு நானூறு பைட் எழுதும். ஒரு பிளாக்குக்கு அரை நொடிக்கும் குறைவு. எதிர்முனை அதைப்போல எத்தனையோ மடங்கு நேரம் பொறுக்கும்.

நான் டெர்மினல் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டபோது பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான்: எந்த நொடியில் சிபியு யாருக்குச் சொந்தம் என்பதை நீங்கள் தீர்மானித்துவிட வேண்டும். தீர்மானிக்காவிட்டால் எழுத்து தொலையும். சாதாரண டெர்மினல் நிலையில் பஃபர் 256 பைட்டாக இருக்கட்டும். 8 பிட் சுட்டி 255க்கு அப்புறம் தானாகவே 0க்குத் திரும்பும், எல்லை சரிபார்க்கும் கட்டளையே வேண்டாம். திரையை ஒரு வரி மேலே தள்ள எழுத்து ஆயிரம், நிறம் ஆயிரம் என்று இரண்டாயிரம் பைட் நகர்த்த வேண்டும். அதற்குள் 2400 பாடில் நாலைந்து எழுத்து வந்துவிடும். அவற்றை என்எம்ஐ பஃபரில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆப்பிள் 2ல் இன்டரப்ட் இல்லாமல் எழுதிய டெர்மினல்களில் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் காணாமல் போனதற்குக் காரணம் இந்த ஸ்க்ரோல்தான். 1200 பாடில் 8 மில்லிசெகண்டுக்கு ஒரு எழுத்து வரும், ஸ்க்ரோலுக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். பழைய பிபிஎஸ்கள் உள்ளே நுழைந்ததும் ‘எத்தனை நல் வேண்டும்’ என்று கேட்டதற்குக் காரணமும் இதுபோன்ற மெதுவான முனைகள்தான். வரி முடிவில் அத்தனை வெற்று பைட் அனுப்பி நேரம் கொடுப்பார்கள்.

---

இசட்80ரசிகன்

ரேகா, டிஸ்க் கோணத்தில் இருந்து இதை நான் யோசித்ததில்லை. நான் சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் பக்கத்திலிருந்து வந்தவன், எங்களுக்கு டிஸ்க் கன்ட்ரோலர் தனி, யுஆர்ட் தனி. வார்ட் கிறிஸ்டென்சன் 1977ல் சிபி/எம்முக்கு எழுதிய மோடம் புரோகிராமிலிருந்துதான் எக்ஸ்மோடம் பிறந்தது. 128 என்ற எண்ணும் அங்கிருந்தே வந்தது. எட்டு அங்குல ஃப்ளாப்பியில் ஒரு செக்டர் 128 பைட், சிபி/எம்முக்கு ஒரு ரெக்கார்டும் அதுதான். கோப்பின் கடைசி பிளாக் 26ஆல் நிரப்பப்படுவதும் சிபி/எம் பழக்கம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ராண்டி சூஸோடு சேர்ந்து சிகாகோவில் அவர் சிபிபிஎஸ்ஸைத் தொடங்கினார், உலகின் முதல் டயல்-அப் பிபிஎஸ். 2024 அக்டோபரில் அவர் காலமான செய்தி வந்த அன்று என் பழைய பெட்டியை எடுத்து ஓடவிட்டேன். அந்த மனிதர் தன் முறையைக் காசு கேட்காமல் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தார். எந்த மெஷின்காரனும் ஒரு வார இறுதியில் எழுதிவிடக்கூடிய அளவுக்கு அது எளிமையாக இருந்ததால்தான் கொமடோரும் அட்டாரியும் ஐபிஎம் பிசியும் ஒரே பிபிஎஸ்ஸில் கோப்பு மாற்றிக்கொள்ள முடிந்தது.

ஆனாலும் வேகம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். 300 பாடில் ஒரு பிளாக் போக 4.4 நொடி ஆகும், அதில் அரை நொடி காத்திருப்பு பெரிதில்லை. 2400ல் பிளாக்குக்கு 0.55 நொடிதான். டெலிநெட், டைம்நெட் மாதிரி பாக்கெட் வலையமைப்பு நடுவில் இருந்து பதில் வர அரை நொடி தாமதமானால் வேகம் பாதியாகிவிடும். வைஃபை மோடத்தில் கடல் தாண்டிய பிபிஎஸ் என்றாலும் இதே கதை. டெலிநெட்டே காசு கொடுத்து சக் ஃபோர்ஸ்பெர்கிடம் இசட்மோடம் எழுதச் சொன்னது இதனால்தான்.

---

ரேகா_அசெம்பிளி

அதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஒய்மோடத்தின் 1 கே பிளாக். நின்று நின்று போகும் முறை அப்படியே இருக்கும், காத்திருப்பு மட்டும் எட்டில் ஒரு பங்காகும். கொமடோரில் 1,024 பைட் பஃபர் ஒதுக்குவது கஷ்டமில்லை.

கோடம்பாக்கம், உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன், அதுதான் எனக்கு ரொம்பச் சுவாரசியமாக இருக்கிறது. ஒவ்வொரு பிளாக்கும் எப்படித் தொடங்குகிறது? 1, பிளாக் எண், 255லிருந்து பிளாக் எண்ணைக் கழித்தது. முதல் பிளாக் 1, 1, 254. இப்படியே 255வது பிளாக் 1, 255, 0. அடுத்ததற்கு எண் சுற்றி 0 ஆகும். தலைப்பு 1, 0, 255. அங்கேதான் நிற்கிறீர்கள். புரோகிராம் கோப்புகளில் 255 என்ற பைட் ஆரம்பத்திலேயே வந்துவிடும், அதனால் சீக்கிரமே நிற்கின்றன. டெக்ஸ்டில் 255 வரவே வராது.

---

கோடம்பாக்கம்64

அக்கா, 255வது பிளாக்கின் தலைப்பிலும் 255 இருக்கிறதே? அது மட்டும் எப்படிச் சரியாக வந்தது?

---

ரேகா_அசெம்பிளி

நல்ல கேள்வி. அதற்கு உங்கள் நிரல் தலைப்பை எப்படிப் படிக்கிறது என்று தெரிய வேண்டும். வாங்கும் பகுதியை மட்டும் இங்கே விவரியுங்கள்.

---

கோடம்பாக்கம்64

1 வரும்வரை காத்திருக்கும். பிறகு பிளாக் எண். அடுத்த பைட்டைப் படித்து, அது பிளாக் எண்ணோடு கூட்டினால் 255 வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் இன்னொரு பைட் படித்து மறுபடி பார்க்கும், அதுவும் வராவிட்டால்தான் நாக். கம்பியில் குப்பை வந்தால் தாங்கட்டும் என்று அப்படி வைத்தேன். பிறகு 128 பைட், கடைசியில் செக்சம்.

---

ரேகா_அசெம்பிளி

அப்படியென்றால் எல்லாம் பொருந்துகிறது. அந்த பிபிஎஸ் டெல்நெட் (இணையம் வழியே முனையத்தை இணைக்கும் முறை) வழியாக இயங்குகிறது. டெல்நெட்டில் 255 என்பது ‘அடுத்து வருவது கட்டளை’ என்பதற்கான குறி. நிஜமான 255ஐ அனுப்ப வேண்டுமானால் இரண்டு முறை அனுப்ப வேண்டும், வாங்கும் பக்கம் ஒன்றாகச் சுருக்க வேண்டும். பிபிஎஸ் இரட்டிப்பாக அனுப்புகிறது. உங்கள் மோடம் சுருக்காமல் அப்படியே தள்ளிவிடுகிறது.

255வது பிளாக்: 1, 255, 255, 0. உங்கள் நிரல் இரண்டாவது 255ஐக் குப்பை என்று தாண்டிவிட்டு 0வைப் பிடித்துக்கொள்கிறது, தப்பித்தீர்கள். அடுத்த பிளாக்: 1, 0, 255, 255. முதல் 255 பொருந்திவிடுகிறது. இரண்டாவது 255 உங்கள் 128 பைட்டில் முதலாவதாக நுழைகிறது. எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போகிறது, கடைசி டெக்ஸ்ட் எழுத்தைச் செக்சம் என்று படிக்கிறீர்கள். எத்தனை முறை திரும்ப அனுப்பினாலும் அதே தவறு அப்படியே வரும். ஏதாவது பிளாக்கின் செக்சம் 255ஆக வந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, மிச்ச 255ஐ அடுத்த 1க்குக் காத்திருக்கும்போது விழுங்கியிருப்பீர்கள்.

மோடத்தில் டெல்நெட் நிலை என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைப் போட்டுப் பாருங்கள்.

---

மின்னணு_மாமா

ஆனால் டெல்நெட் பேசாத பிபிஎஸ்ஸுக்குப் போனால் அதே அமைப்பை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் மோடம் நல்ல 255ஐயும் தின்றுவிடும். ஸ்காபரோக்காரர் சொன்ன நட்சத்திரம் 70க்கு வைத்த மாதிரி, டயல் பட்டியலில் ஒவ்வொரு எண்ணோடும் இதற்கும் ஒரு கொடி வைத்துக்கொள்ளுங்கள். இணைக்கும் முன் புரோகிராமே அனுப்பட்டும்.

---

ஸ்காபரோ_வாசி

ரேகா, அருமை. நான் ஒண்டு மட்டும் கேக்கிறன். பண்டர் புரொட்டோகோலையும் சேருங்கோ, தம்பி. ரொறன்ரோவில ஸ்டீவ் பண்டர் கொமடோருக்கு எண்டே செய்தது. இப்பவும் இருக்கிற கொமடோர் பிபிஎஸ்கள்ல கனக்க அதுதான். ஆக், நாக் எண்டு ஒரு பைட்டில பேசாமல் மூண்டு எழுத்தில பேசும். நல்லது எண்டால் ‘ஜி-ஓ-ஓ’, பிழை எண்டால் ‘பி-ஏ-டி’. கம்பியில வாற இரைச்சல் தற்செயலாக 6 ஆகலாம். மூண்டு எழுத்து வரிசையாக ஆகிறது மிச்சம் அரிது. செக்சமும் ரெண்டு: ஒண்டு கூட்டல், மற்றது பிட்டைச் சுத்திச் சுத்திப் போறது. பைட் இடம் மாறினாலும் பிடிச்சுப்போடும். இதுவும் நிண்டு நிண்டுதான் போகும், அதால டிஸ்க் பயமில்லை.

---

கோடம்பாக்கம்64

ரேகா அக்கா சொன்னதுதான். டெல்நெட் நிலையைப் போட்டதும் 60 கே புரோகிராம் கோப்பு முழுசாக இறங்கியது, பிளாக் எண் இரண்டு முறை சுற்றுவதை நின்று பார்த்தேன் என்று சொல்ல ஆசை, ஒருமுறைதான் சுற்றும். தலைப்பில் பைட்டைத் தாண்டும் பகுதியை எடுத்துவிட்டேன். மாமாவின் கொடியையும் டயல் பட்டியலில் சேர்த்துவிட்டேன்.

ஜார்ஜ் ஹக் ரூட்டீனைப் படித்துக்கொண்டிருக்கிறேன், பால் கடிகாரத்துக்கு டைமர் எண்களை மாற்ற வேண்டும். பண்டர் அதற்கு அடுத்து.

ஒரே ஒரு சந்தேகம். இணைப்பைத் துண்டிக்க மூன்று கூட்டல் குறி அனுப்புகிறேன், மோடம் சில சமயம் கேட்கிறது, சில சமயம் கேட்பதில்லை.

---

மின்னணு_மாமா

கூட்டல் குறிக்கு முன் ஒரு நொடி முழு அமைதி, பின்னும் ஒரு நொடி முழு அமைதி. அதன் கடைசியில் ரிட்டர்ன் அனுப்பக் கூடாது. யாராவது கடிதத்தில் மூன்று கூட்டல் குறி எழுதினால் மோடம் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஹேய்ஸ் வைத்த காவல் அது. உங்கள் விசைப்பலகை ரூட்டீன் அந்த நேரத்தில் வேறு எதையும் அனுப்பாமல் இருக்கிறதா பாருங்கள். மோடம் ‘ஓகே’ சொன்னபின் ஏடிஎச் என்ற துண்டிக்கும் கட்டளையை அனுப்புங்கள்.